நடுவில் ஆள் இல்லாமல் நான்கு சர்வீஸ்களை ஒழுங்காக ஓட வைக்க முடியுமா? (கோரியோகிராஃபி, தானியங்கி உருவாக்கம்)

வரிசை_மாறி கேட்டது:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது இயந்திர உதிரிபாகங்களை ஆன்லைனில் விற்கும் சிஸ்டம். மொத்தம் நான்கு சர்வீஸ்கள். ஆர்டர் சர்வீஸ் மட்டும்தான் எங்கள் கையில் இருக்கிறது. பணம் வசூலிப்பது ஒரு வெளி நிறுவனம், ரெஸ்ட் ஏபிஐ (வலை வழியாகக் கேட்டுப் பதில் வாங்கும் இடைமுகம்). கிடங்கு இன்னொரு நிறுவனம். அவர்களிடம் இருப்பது பழைய சோப் (எக்ஸ்எம்எல் மெசேஜில் பேசும் நெறிமுறை) இடைமுகம், அதில் ஒரு ஃபீல்டைக்கூட நமக்காக மாற்ற மாட்டார்கள். டெலிவரி வேறொருவர், வண்டி எங்கே போகிறது என்பதை எம்க்யூடிடியில் (சாதனங்கள் சின்னச் சின்ன மெசேஜ் அனுப்பும் நெறிமுறை) அனுப்பிக்கொண்டே இருப்பார்கள்.

ஆரம்பத்தில் நடுவில் ஒரு ஆர்கெஸ்ட்ரேட்டர் (அடுத்து யார் என்ன செய்வது என்று எல்லோருக்கும் சொல்லும் நிரல்) வைத்திருந்தோம். அது படுத்தால் எல்லாமே படுத்துவிடும். அதைக்கூடச் சமாளித்திருப்போம். ஆனால் கிடங்குக்காரர்கள், "எங்களுக்கும் டெலிவரிக்கும் நடுவே நடக்கும் பேச்செல்லாம் ஏன் உங்கள் மெஷின் வழியாகப் போக வேண்டும்?" என்று கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்விதான். அதனால் நிகழ்வுகளைக் காஃப்காவில் (நிகழ்வுகளை வாங்கி வைத்து, கேட்பவர்களுக்குக் கொடுக்கும் மென்பொருள்) போடுவது, வெளியாட்களுக்கு வெப்ஹூக் (நிகழ்வு நடந்ததும் அவர்கள் முகவரிக்குத் தானாகப் போகும் அழைப்பு), வேண்டியவர்கள் வேண்டியதைக் கேட்டுக்கொள்ளட்டும் என்று மாற்றினோம். ஆர்கெஸ்ட்ரேட்டர் போய்விட்டது. கூடவே முழு ஓட்டமும் என்ன என்று தெரிந்த ஆளும் இல்லாமல் போய்விட்டார்.

இப்போது அடிக்கடி வருவது இந்தச் சிக்கல்: வாடிக்கையாளர் ஆர்டரை ரத்து செய்கிறார். ஆர்டர் சர்வீஸ் பேமென்ட்டுக்கும் கிடங்குக்கும் ஒரே நேரத்தில் 'ரத்து' என்று சொல்கிறது. பேமென்ட் உடனே பணத்தைத் திருப்பிவிடுகிறது. கிடங்கோ அதற்குச் சற்று முன்புதான் 'பேக் ஆயிற்று, எடுத்துப் போகலாம்' என்று டெலிவரியிடம் சொல்லியிருக்கிறது. பணமும் திரும்பிப் போய்விட்டது, சரக்கும் கிளம்பிப் போய்விட்டது. லாக்கைப் பார்த்தால் நான்கு சர்வீஸும் தனித்தனியே சரியாகத்தான் நடந்துகொண்டிருக்கின்றன!

பிபிஎம்என் 2.0இல் (வேலை ஓட்டங்களைப் படமாக வரையும் தரநிலை) கோரியோகிராஃபி வரைபடம் (நடுவில் தலைவர் இல்லாமல் யார் யாரோடு எந்த வரிசையில் பேசுவது என்று காட்டும் படம்) என்று ஒன்று இருப்பதாகவும், அதை ஒருமுறை வரைந்து கொடுத்தால் ஒருங்கிணைக்கும் கோடை (நிரலை) தானாகவே உருவாக்கும் கருவிகள் இருப்பதாகவும் படித்தேன். நிஜமாகவே முடியுமா? வெளியாட்களின் கோடைத் தொட முடியாது என்பதை நினைவில் வையுங்கள். அப்புறம், எங்கள் ஓட்டம் அடிக்கடி மாறும் (புது டெலிவரி நிறுவனம் சேரும், சலுகைக் கணக்கு மாறும்). மாற்றும்போது பாதியில் ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டர்களை என்ன செய்வது? கடைசியாக, பேமென்ட்டுக்கு வாடிக்கையாளரின் முகவரி தெரியவே கூடாது. கிடங்குக்குக் கார்டு விவரம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது.

---

பழைய_சாக்கெட் பதில்:

முடியும். ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் அல்ல, வேறொரு இடத்தில்தான் அது கை கொடுக்கும்.

முதலில் ஒன்று. காஃப்காவில் நிகழ்வுகளைப் போட்டு ஆளாளுக்குக் கேட்பதைப் பலரும் கோரியோகிராஃபி என்றே சொல்கிறார்கள். அதில் குறைவது ஒன்றுதான்: யார், யாருக்கு, எதற்குப் பின், எந்த மெசேஜை அனுப்பலாம் என்று மொத்தமாக எழுதி வைத்த ஒப்பந்தம். அது இல்லாததால்தான் உங்கள் நான்கு சர்வீஸும் தனித்தனியே சரியாக இருந்து, சேர்ந்து தப்பாகிறது.

இந்த மொத்த ஒப்பந்தத்தை எழுத முயல்வது புதிதல்ல. வலைத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சியின் டபிள்யூஎஸ்-சிடிஎல் என்ற விவரண மொழி 2005இல் கேண்டிடேட் ரெக்கமெண்டேஷன் (இறுதி ஒப்புதலுக்கு முந்தைய நிலை) வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. 2007இல் ஓயாசிஸ் என்ற தரநிலை அமைப்பு வெளியிட்ட டபிள்யூஎஸ்-பிபெல் 2.0தான் கம்பெனிகளுக்குள் நுழைந்தது; அது ஆர்கெஸ்ட்ரேஷன், நடுவில் ஒருவர் இருப்பார். ஓஎம்ஜி என்ற இன்னொரு தரநிலை அமைப்பு 2011இல் முடித்த பிபிஎம்என் 2.0இல் கோரியோகிராஃபி வரைபடம் முறையாகச் சேர்ந்தது. அதில் ஒவ்வொரு பெட்டியிலும் பேச்சைத் தொடங்குபவர், கேட்பவர், போகும் மெசேஜ், தேவைப்பட்டால் திரும்பி வரும் மெசேஜ் என்று இருக்கும். வேறு எதுவும் இல்லை. உள்ளே யார் என்ன கணக்குப் போடுகிறார் என்பது அதற்கு வேண்டாத விஷயம்.

இப்போது உங்கள் ஓட்டத்தையே வரைந்து பாருங்கள். முதல் பெட்டி: ஆர்டர் சர்வீஸ் பேமென்ட்டிடம் பணம் வாங்கச் சொல்கிறது. அடுத்த பெட்டி: கிடங்கு டெலிவரியைக் கூப்பிடுகிறது. படத்தில் அம்பு ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் பணம் வந்துவிட்டது என்பது கிடங்குக்கு எப்படித் தெரியும்? முதல் பெட்டியில் அது இல்லவே இல்லையே. பிபிஎம்என் விதியே இதைத் தடுக்கிறது: ஒரு பெட்டியைத் தொடங்குபவர் அதற்கு முந்தைய பெட்டியில் பங்கெடுத்திருக்க வேண்டும். இதைத்தான் ரியலைசபிலிட்டி என்கிறார்கள். மேலே இருந்து பார்ப்பவருக்குத் தெரியும் வரிசையை, தன் வாசலில் வந்துபோகும் மெசேஜை மட்டுமே பார்க்கும் சர்வீஸ்களால் நடத்திக்காட்ட முடியுமா என்ற கேள்வி அது.

இந்த வகை ஓட்டையைக் கருவி தானாகவே அடைக்கும். இத்தாலியின் லாக்விலா பல்கலைக்கழகத்தில் ஆட்டிலி, இன்வெரார்டி, டிவோலி ஆகியோர் பல வருடமாகச் செய்துவந்த வேலை இதுதான். ஐரோப்பிய ஒன்றியப் பணத்தில் நடந்த கோரியோஸ் (2010–2013), அதன் பின் வந்த கோரிவல்யூஷன் (2015–2017) என்ற இரண்டு திட்டங்களிலும் இது கருவியாகவே வந்தது. படத்தை உள்ளே கொடுத்தால் ஒவ்வொரு பங்காளிக்கும் முன்னால் நிற்கும் ஒரு ப்ராக்ஸியை (போகும் வரும் மெசேஜைக் கையாளும் இடைநிரலை) அது உருவாக்கும். கோஆர்டினேஷன் டெலிகேட் என்று பெயர். கிடங்கின் கோடில் ஒரு வரி மாறாது. கிடங்கிலிருந்து 'எடுத்துப் போகலாம்' கிளம்பினால், டெலிகேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பேமென்ட் பக்கத்து டெலிகேட் 'பணம் வந்தது' என்று சொன்ன பிறகே விடும். டெலிகேட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் தேவைப்படும் இடத்தில் மட்டும்தான். மற்ற நேரம் மெசேஜ் நேராகப் போகும். நடுவில் தலைவர் என்று யாரும் இல்லை, கிடங்கு–டெலிவரி பேச்சு உங்கள் மெஷினுக்கு வரவும் வராது.

சோப், ரெஸ்ட், எம்க்யூடிடி என்று ஆளுக்கொரு மொழி பேசுவதற்கும் அதே கருவி பைண்டிங் காம்போனென்ட் என்று தனியாக ஒன்றை உருவாக்கும். இடைமுகத்தைப் பொதுவான விவரணையில் எழுதிக் கொடுத்தால் மொழிமாற்று வேலையை அது பார்த்துக்கொள்ளும். கோத்தன்பர்க்கில் போக்குவரத்து ஒருங்கிணைப்புக்கும் ஜெனோவாவில் சுற்றுலாப் பயணிகளுக்கான சேவைக்கும் இதை வைத்து முன்னோட்டம் நடத்தினார்கள்.

சரி, இனி உங்கள் ரத்து பிரச்சினை. அதை எந்தக் கருவியும் உங்களுக்காகத் தீர்க்காது. தீர்ப்பதாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

அந்த இடத்தில் இரண்டு கிளைகள் இருக்கின்றன. 'ரத்து' என்ற கிளையைத் தொடங்குவது ஆர்டர் சர்வீஸ். 'எடுத்துப் போகலாம்' என்ற கிளையைத் தொடங்குவது கிடங்கு. முடிவெடுக்கும் உரிமை ஒரே நேரத்தில் இரண்டு பேரிடம் இருக்கிறது. இருவரும் நல்லவர்கள்தான், இருவருக்கும் மற்றவர் என்ன முடிவெடுத்தார் என்பது தெரியாது. மெசேஜ் போய்ச் சேர நேரம் எடுக்கும்வரை இந்த மோதல் இருந்தே தீரும். சர்வரை வேகமாக்கினால் குறையும், போகாது. கருவி இதைப் பார்த்து 'இது நடக்காது' என்று சிவப்புக் கோடு போடும், அவ்வளவுதான். யாரிடம் உரிமையைக் கொடுப்பது என்பது வியாபார முடிவு.

நான் கிடங்கிடம் கொடுப்பேன், சரக்கு அவர்கள் கையில்தானே இருக்கிறது. 'ரத்து செய்ய முடியுமா?' என்பது கிடங்குக்கு மட்டும் போகட்டும். பேமென்ட்டுக்கு அந்த நேரத்தில் ஒன்றும் போகக் கூடாது. கிடங்கு 'சரி' அல்லது 'தாமதமாகிவிட்டது' என்று ஏதாவது ஒன்றைத் திருப்பிச் சொல்லட்டும். 'சரி' வந்தால் ஆர்டர் சர்வீஸ் பேமென்ட்டிடம் போகும். 'தாமதம்' வந்தால் அது ரத்து இல்லை, திரும்பப் பெறுதல். அதற்கு வேறு ஓட்டம். இப்படி மாற்றி வரைந்த படத்தைக் கருவியிடம் கொடுங்கள், சிவப்புக் கோடு போய்விடும். உண்மையைச் சொன்னால், பாதி நேரம் இந்தப் படத்தை வரைந்ததிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும், நிரல் உருவாக்கும் கட்டத்துக்கே போக வேண்டியிராது.

---

நள்ளிரவு_டெப்ளாய் பதில்:

கொஞ்சம் எதிர்க்கட்சி வேலை பார்க்கிறேன்.

நான்கே சர்வீஸ். டெம்போரல் (ஓட்டத்தின் நிலையைச் சேமித்துக்கொண்டே ஓட்டும் மென்பொருள்) மாதிரி ஒன்றில் ஆர்கெஸ்ட்ரேட்டரைப் போட்டால் சர்வர் விழுந்து எழுந்தாலும் விட்ட இடத்திலிருந்து ஓடும். முழு ஓட்டமும் ஒரே கோப்பில் இருக்கும், புதிதாகச் சேர்ந்தவர்கூட அன்றைக்கே படித்துப் புரிந்துகொள்வார். 'ஒன்று படுத்தால் எல்லாம் படுத்துவிடும்' என்ற பயத்துக்கு இன்றைக்கு நல்ல மருந்து இருக்கிறது.

ஆராய்ச்சித் திட்டங்களைப் பற்றி: திட்டம் முடிந்து பல வருடம் ஆன கருவியை ப்ரொடக்‌ஷனில் வைத்தால், அதிலுள்ள ஜாவா லைப்ரரிகளுக்குப் பாதுகாப்புப் பேட்ச் போடப்போவது யார்? நீங்கள்தான்.

அப்புறம் இந்தத் 'தானாகச் சரிபார்க்கும்' சமாசாரம். வரம்பில்லாத க்யூ (மெசேஜ்கள் காத்திருக்கும் வரிசை) வைத்து இரண்டே இரண்டு நிலை இயந்திரங்கள் (மெசேஜ் வரப் போக நிலை மாறும் நிரல்கள்) பேசிக்கொண்டாலும், அவை எங்காவது முட்டிக்கொண்டு நிற்குமா என்பதைப் பொதுவாகக் கணித்துச் சொல்லும் அல்காரிதம் இருக்க முடியாது. பிராண்ட், ஸாஃபிரோபுலோ இருவரும் 1983லேயே காட்டிய முடிவு. இதைச் சுற்றிப்போக, 'க்யூ இல்லாமல் நேரடியாகப் பேசினாலும் க்யூ வைத்துப் பேசினாலும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறதா' என்று பார்க்கும் ஒரு சோதனையைக் கொண்டுவந்தார்கள். பலர் அதன் மேல் கட்டவும் செய்தார்கள். 2017இல் ஃபின்கெல், லோசெஸ் இருவரும் அதற்கும் எதிர் உதாரணம் காட்டி, பொதுவாக அதையும் தீர்மானிக்க முடியாது என்று நிறுவிவிட்டார்கள். ஆகவே பச்சை விளக்கு எரிந்துவிட்டதே என்று நிம்மதியாகத் தூங்கப் போகாதீர்கள்.

---

வரிசை_மாறி:

@பழைய_சாக்கெட், ரத்து விஷயத்தில் தலையில் தட்டினாற்போல் இருக்கிறது. கிடங்கின் சோப் இடைமுகத்தில் ரத்துக் கோரிக்கைக்கு ஏற்கெனவே ஒரு பதில் குறியீடு வருகிறது, அதை இதுவரை யாரும் படிப்பதே இல்லை.

@நள்ளிரவு_டெப்ளாய், ஒரே நிறுவனமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நீங்கள் சொன்னதைச் செய்வேன். அந்த ஒரே கோப்பு யார் மெஷினில் ஓடுவது என்பதில்தான் மூன்று நிறுவனங்களுக்கும் சண்டை.

ஓட்டம் மாறுவதும் பாதுகாப்பும் இன்னும் பாக்கி.

---

பழைய_சாக்கெட் பதில்:

நள்ளிரவு சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. ஒரே ஒரு திருத்தம். ஏற்கெனவே இருக்கும் இயந்திரங்களை எடுத்துவந்து, சேர்ந்தால் சரியா என்று சோதிப்பதில்தான் அந்தக் கஷ்டமெல்லாம். மொத்த ஒப்பந்தத்தை முதலில் எழுதி, அதிலிருந்து ஒவ்வொருவரின் பங்கையும் பிரித்தெடுத்தால் பாதை வேறு. ஹோண்டா, யோஷிடா, கார்போனே 2008இல் வெளியிட்ட மல்டிபார்ட்டி செஷன் டைப் (பலர் பேசும் வரிசையை நிரலின் டைப்பாகவே எழுதும் முறை) அப்படிப்பட்டது. கார்போனேயும் மாண்டெஸியும் 2013இல் இன்னும் ஒரு படி போய், கோரியோகிராஃபியாகவே நிரல் எழுதினால் முட்டிக்கொண்டு நிற்கும் கோடை எழுதவே வழியில்லை என்று காட்டினார்கள். இப்போது கோரல் என்று ஒரு மொழி இருக்கிறது. ஒரே நிரலை எழுதினால் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனி ஜாவா லைப்ரரியாகப் பிரித்துத் தரும். விலை என்னவென்றால், எல்லா ஓட்டத்தையும் அப்படி எழுத முடியாது. உங்கள் பழைய ரத்து ஓட்டத்தை எழுதவே விட்டிருக்காது. எனக்கு அது வசதியாகத்தான் படுகிறது.

ஓட்டம் மாறுவது: ஆர்டர் தொடங்கும்போதே அதற்கு ஒரு அடையாள எண்ணும் ஒப்பந்தத்தின் பதிப்பு எண்ணும் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு மெசேஜிலும் இரண்டும் போக வேண்டும். பழைய பதிப்பில் தொடங்கியது பழையதிலேயே முடியட்டும். டெலிகேட் இரண்டு பதிப்பையும் சில காலம் சேர்த்தே வைத்திருக்கும். பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும்.

பாதியில் மாற்றியே ஆக வேண்டும் என்றால், எங்கே மாற்றலாம் என்பதை முன்பே குறித்து வைக்க வேண்டும். பொலோனா பல்கலைக்கழகக் குழுவினர் சர்வீஸ்களை எழுதும் ஜோலி மொழியின் மேல் செய்த ஏஐஓசிஜே என்ற கருவி இப்படித்தான் வேலை செய்யும். 'டெலிவரி ஆளைத் தேர்ந்தெடுப்பது' மாதிரி ஒரு பகுதியை மாற்றத்தக்கது என்று நிரலில் சுற்றி அடையாளம் போடுவார்கள். அந்தப் பகுதிக்கு ஒரு பொறுப்பாளர் உண்டு. ஓட்டம் அங்கே வந்ததும், புது விதி ஏதாவது வந்திருக்கிறதா என்று அந்தப் பொறுப்பாளர் பார்த்து, பங்கெடுக்கும் எல்லோருக்கும் 'இந்த வடிவம்தான்' என்று சொல்லிவிடுவார். ஒருவர் பழையதையும் மற்றவர் புதியதையும் ஓட்டும் நிலை வராது. உங்களுக்கு ஏஐஓசிஜே வேண்டாம், அந்த யோசனை மட்டும் போதும்: மாறும் பகுதிக்குள் நுழையும் வாசலில் ஒருவரே தீர்மானிக்கட்டும்.

பாதுகாப்பில் ஒரு சௌகரியம் இருக்கிறது. மொத்த ஒப்பந்தம் கையில் இருப்பதால், எந்த நிலையில் யாரிடமிருந்து எந்த மெசேஜ் வரலாம் என்பதும் தெரியும். மற்ற எல்லாவற்றையும் டெலிகேட் வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். சாதாரண ஏபிஐ கேட்வே 'இவர் பேமென்ட்தானா' என்று மட்டும்தான் பார்க்கும். இங்கே 'இவர் பேமென்ட்தான், ஆனால் இந்த ஆர்டருக்குப் பணம் கேட்கவே இல்லையே, இப்போது எதற்கு ரசீது அனுப்புகிறார்?' என்றும் கேட்கலாம். கோரிவல்யூஷனில் இதற்கென்று செக்யூரிட்டி ஃபில்டரைத் தனியாகவே உருவாக்கினார்கள். ஆள் யார் என்று பார்ப்பதும் அனுமதி பார்ப்பதும் அதன் வேலை, டெலிகேட்டுக்கு வரிசை பார்ப்பது மட்டும். அப்படிப் பிரித்து வைப்பது நல்லது.

முகவரி விஷயத்தில் ஃபில்டரை மட்டும் நம்பாதீர்கள். டெலிவரியின் பொதுச் சாவியால் (யாரும் பூட்டலாம், டெலிவரி மட்டுமே திறக்க முடியும்) முகவரி ஃபீல்டை மட்டும் ஆர்டர் சர்வீஸிலேயே பூட்டிவிடுங்கள். கிடங்கு வழியாகப் போனாலும் அதற்கு அது வெறும் எழுத்துக் குவியல். பேமென்ட்டுக்கு அந்த ஃபீல்டையே அனுப்பாதீர்கள். டோக்கனும் (அனுமதிச் சீட்டு) அப்படித்தான்: வந்த டோக்கனை அப்படியே அடுத்தவருக்குக் கடத்தாமல், அடுத்தவருக்கு மட்டும் செல்லும் சின்ன டோக்கனாக மாற்றி அனுப்புங்கள். ஓஆத் என்ற அனுமதித் தரநிலையில் இதற்கு ஆர்எஃப்சி 8693 இருக்கிறது.

இதெல்லாம் செய்துவிட்டு, கிடங்கின் பழைய முகவரியை நெட்வொர்க்கில் திறந்தே வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். டெலிகேட்டைத் தாண்டி யாரும் நேராகப் போக முடியாதபடி இரண்டு பக்கமும் எம்டிஎல்எஸ் (இரு தரப்பும் சான்றிதழ் காட்டித் தம்மை நிரூபிக்கும் இணைப்பு) போட்டு அடையுங்கள்.

---

டெட்_லெட்டர் பதில்:

ஒரு விஷயத்தை இரண்டு பேரும் தொடவில்லை. டெலிகேட்டே விழுந்தால்?

'பணம் வந்தது' என்று கேட்டுவிட்டு, மெசேஜை விடுவதற்கு முன் டெலிகேட் செத்தால், எழுந்து வந்ததும் எதற்காகக் காத்திருந்தோம் என்பதே அதற்குத் தெரியாது. நிலை மாறியதையும் அனுப்ப வேண்டிய மெசேஜையும் ஒரே டேட்டாபேஸ் டிரான்சாக்‌ஷனில் எழுதிவிட்டு, அப்புறம் அனுப்புங்கள். அவுட்பாக்ஸ் முறைதான். இதனால் ஒரே மெசேஜ் சில சமயம் இரண்டு தடவை போகும். ஆகவே மெசேஜ் எண்ணை வைத்து இரண்டாவதைத் தள்ளிவிடும் வேலையையும் டெலிகேட்டே செய்ய வேண்டும். கிடங்கின் சோப் நிச்சயம் செய்யாது, இரண்டு பெட்டி பேக் பண்ணும்.

'தாமதமாகிவிட்டது' கிளைக்கு கார்சியா-மோலினா, சேலம் இருவரும் 1987இல் எழுதிய சாகா (நடந்துபோன படிகளை எதிர்ப்படிகளால் ஈடுகட்டுவது) யோசனையே போதும். ஆனால் அதில் வரும் ஈடுகட்டும் படிகளையும் படத்தில் வரைந்துவிடுங்கள். அவையும் மெசேஜ்கள்தானே. படத்துக்கு வெளியே விட்டால் டெலிகேட் அவற்றை அத்துமீறல் என்று நினைத்துத் தடுத்துவிடும்.

---

வரிசை_மாறி:

இப்போதைக்கு இப்படி நினைத்திருக்கிறேன். கருவியை அப்படியே எடுத்துப் போடவில்லை. படத்தை பிபிஎம்என்னில் வரைந்து மூன்று நிறுவனங்களுக்கும் அனுப்பப் போகிறேன். கிடங்குக்கும் பேமென்ட்டுக்கும் முன்னால் மட்டும் டெலிகேட்டை நாங்களே எழுதுகிறோம். சின்ன நிலை இயந்திரம்தான். கிடங்குக்கு முன்னால் நிற்பதை அவர்கள் மெஷினிலேயே ஓட்டச் சொல்லிவிடலாம். டெலிவரியின் எம்க்யூடிடி இடத் தகவலை இதற்குள் கொண்டுவரவில்லை, அது வெறும் தகவல், யாருடைய முடிவையும் மாற்றுவதில்லை.

ஒரே ஒரு கேள்வி. ரத்துக்குக் கிடங்கு பதிலே சொல்லாவிட்டால்?

---

பழைய_சாக்கெட் பதில்:

டைம்அவுட் வந்தால் 'சரி' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், 'தாமதம்' என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டுமே மறுபடியும் ஆர்டர் சர்வீஸ் கையில் முடிவைக் கொடுப்பதுதான், பழைய மோதல் திரும்பி வந்துவிடும். அதே மெசேஜ் எண்ணோடு மறுபடி கேட்டுக்கொண்டே இருக்கட்டும். வாடிக்கையாளர் திரையில் 'ரத்துக் கோரிக்கை பரிசீலனையில்' என்று காட்டுங்கள். குறிப்பிட்ட நேரம் தாண்டினால் ஆள் பார்க்கும் வரிசைக்குத் தள்ளுங்கள், அங்கிருந்து ஒருவர் கிடங்குக்குப் போன் பண்ணிக் கேட்கட்டும். அந்த ஆளையும் படத்தில் ஒரு பங்காளியாகவே வரைந்துவிடுங்கள்.